தோளை விட்டு இடுப்புக்கு இறங்கிய சுமை: கெல்ட்டியின் பழைய சட்டகப் பை

பழைய பொருள்கள் விற்கும் கடையொன்றில் வாங்கிய, 1960களைச் சேர்ந்த, பைக்கு வெளியே உலோகச் சட்டகம் கொண்ட கெல்ட்டி நிறுவன முதுகுப்பையில் 14 கிலோ ஏற்றிக்கொண்டு, கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைப்பாதையில் மூன்று நாள் நடந்து வந்திருக்கிறேன். முதல் நாள் ஏற்றம் முடிந்து பையை இறக்கியபோது, தோளில் வார் அழுந்திய தடமே இல்லை.

தோள் வலிக்காமல் சுமக்கும் இந்த வழி இதே மலைத்தொடரில்தான் கண்டறியப்பட்டது. அதற்கு முன் பரவலாக இருந்த, 1924இல் காப்புரிமை பெற்ற டிராப்பர் நெல்சன் போன்ற மரச்சட்டகப் பைகளில் பாரம் முழுவதும் தோளில்தான் தொங்கியது. இந்தப் பையை உருவாக்கிய டிக் கெல்ட்டி ஒரு நடையின்போது சட்டகத்தின் கீழ்முனைகளைக் கால்சட்டையின் பின்பைகளில் செருகிப் பார்க்க, தோள் லேசாகி, பாரம் இடுப்பில் அமர்ந்தது. அந்த அனுபவத்திலிருந்தே இடுப்புப் பட்டையோடு கூடிய அலுமினியச் சட்டகம் பிறந்தது. 1952இல் கலிபோர்னியாவின் குளெண்டேல் நகரில் அவர் சட்டகங்களைச் செய்ய, மனைவி நீனா பைகளைத் தைத்தார். முதல் ஆண்டில் விற்றவை 29. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1963இல், அமெரிக்க எவரெஸ்ட் குழுவினர் கெல்ட்டி பைகளைச் சுமந்து சென்றார்கள்.

சட்டகத்தை வெறுமனே கையில் எடுத்துப் பார்ப்பதே ஒரு நிறைவு. முதுகெலும்பின் வளைவுக்கு இசைய வளைத்த இரு குழாய்களும் குறுக்குக் கம்பிகளும் சேரும் இடங்களில், பற்றவைப்பின் வரிகள் மீன்செதில்போல ஒரே சீராகப் படிந்திருக்கின்றன. இழுத்துக் கட்டிய நைலான் பட்டைகள் மட்டுமே முதுகைத் தொடுவதால், இடையில் காற்றோடி வியர்வை காய்கிறது. சிறு உலோக ஊசிகளையும் அவற்றில் கோத்த கம்பி வளையங்களையும் கழற்றினால் துணிப்பை தனியே வந்துவிடுகிறது. கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம். கீழே விட்ட வெற்றிடத்தில் ஸ்லீப்பிங் பேக்கைக் கட்டிக்கொள்ளலாம்.

பாறைகளில் தாவி ஏறுவோருக்கு இவ்வகைப் பை உகந்ததல்ல. சுமை முதுகிலிருந்து தள்ளி நிற்பதால் உடல் திரும்பும்போது அதுவும் ஆடும். நெருங்கிய புதர்களில் சட்டகம் மாட்டிக்கொள்ளும். 1967இல் கிரெக் லோ என்ற மலையேறி, சட்டகம் உள்ளேயே அமைந்த உட்சட்டகப் பையை உருவாக்கியபின் மலையேறுவோர் அந்தப் பக்கம் சாய்ந்தது நியாயமே. சீரான பாதையில் பல நாள் நடப்பவருக்கோ இன்றும் இதையே பரிந்துரைப்பேன்.

வாங்குவோர் தம் உயரத்தைக் கொண்டு அல்ல, கழுத்தடியிலிருந்து இடுப்பெலும்பு வரையிலான நீளத்தைக் கொண்டே அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பற்றவைப்புகளில் விரிசல் இருக்கிறதா, துணியின் உட்பூச்சு உரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். உட்பூச்சு போயிருந்தாலும் சட்டகம் நன்றாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். மழைக்கு மேலே ஓர் உறை போதும்.