குலாப் ஜாமூன் மிக்ஸ்: மாவு ஓகே, அட்டையில போட்டிருக்குற செய்முறைதான் வில்லன்

தீபாவளி நெருங்கினா சூப்பர் மார்க்கெட் வாசல்லயே ஜாமூன் மிக்ஸ அடுக்கி வச்சு, ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீன்னு போர்டு தொங்க விடுவாங்கல்ல, அதுல ஒரு ஜோடிய தூக்கிட்டு வந்தேன். 200 கிராம் பாக்கெட் ரெண்டு. பிராண்ட் பேரு வேணாம் விடுங்க. ஒரே மாவு ரெண்டு பாக்கெட் கையில இருக்கேன்னு, ஒண்ண அட்டைக்குப் பின்னாடி போட்டிருக்குறபடி ஒரு எழுத்து பிசகாம செஞ்சேன், இன்னொண்ண எங்க வீட்ல வழக்கமா செய்யுற மாதிரி செஞ்சேன். ஒரே கடாய், ஒரே எண்ணெய், ஒரே அடுப்பு. வந்த ஜாமூன் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா ஒரே கம்பெனின்னு யாரும் நம்ப மாட்டாங்க.

மொதல்ல மாவப் பத்தி. பாக்கெட்ல இன்கிரிடியன்ட்ஸ் போடும்போது எது அதிகமோ அத மொதல்ல போடணும்ங்குறது இங்க ரூல், அதனால அந்த லிஸ்ட்ல மொதல் பேரு என்னன்னு பாத்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும். இதுல மைதா மொதல்ல, பால் பவுடர் ரெண்டாவது, அப்புறம் பாமாயில் கொழுப்பு, கடைசில சோடா வகையறா. பால் பவுடர் மொதல்ல வர்ற பாக்கெட் கிடைச்சா கொஞ்சம் காசு கூட இருந்தாலும் அதையே எடுங்க, ருசி அங்கதான் இருக்கு. இது சுமார் ரகம், ஆனா மோசம் இல்ல. பிரிச்சதும் பால் வாசம் வந்துச்சு, சிக்கு வாடை இல்ல, கட்டி இல்ல.

இப்ப அட்டைக்கு வருவோம். "தண்ணீர் சேர்த்து மிருதுவாகப் பிசையவும்"னு ஒரே வரி. மிருதுவான்னா நம்ம கை என்ன பண்ணும், சப்பாத்திக்கு மாதிரி உள்ளங்கைய வச்சு அமுக்கி அமுக்கி பிசையும். மைதால அப்படி பிசைய பிசைய பசைத்தன்மை ஏறி மாவு இழுவையா ஆயிடும், அந்த உருண்டை பாகை உள்ள விடாது, ரப்பரா நிக்கும். விரல் நுனியால சேத்துப் புடிச்சா போதும். தண்ணிய மொத்தமா கொட்டாம தெளிச்சுத் தெளிச்சு விடணும், 200 கிராமுக்கு எனக்கு 90 மில்லி பக்கத்துல ஆச்சு. முக்கியமா, மொதல்ல கையில ஒட்டுதேன்னு பயந்து மேல மாவு போட்டுடாதீங்க, பால் பவுடர் தண்ணிய மெதுவாதான் குடிக்கும், பத்து நிமிஷம் ஈரத்துணி போட்டு மூடி வச்சா தானா சரியாயிடும். அந்த பத்து நிமிஷம் அட்டையில எங்கயும் இல்ல, அதுதான் எனக்கு கடுப்பு.

உருண்டை புடிக்கிறதுல பெருசா ஒண்ணும் இல்ல, கையில துளி நெய் தடவி விரிசல் இல்லாம உருட்டணும், விரிசல் இருந்தா எண்ணெய்ல வாய பொளந்துக்கும். சைஸ் மட்டும் சின்னதா புடிங்க, பொரிச்சு ஊறினதும் நல்லாவே பெருசாகும்.

பொரிக்கிறதுக்கு அட்டைல என்ன இருக்கு தெரியுமா, "சூடான எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்தெடுக்கவும்". அவ்ளோதான்! பஜ்ஜிக்கும் அதே வரிதான போடுறாங்க. ஜாமூன்ல இருக்குறது பால், பாலோட இனிப்பும் புரோட்டீனும் சூட்ல சட்டுனு செவந்துடும், வெளிய பொன்னிறம் என்ன, கரும்பழுப்பே ஆயிடும், ஆனா உள்ள மாவு மாவாவேதான் இருக்கும். அட்டைப்படி செஞ்ச ஒரு ஜாமூன ஸ்பூன் ஓரத்தால அழுத்தி வெட்டிப் பாத்தேன், வெளிய ஒரு பிரவுன் தோல், அதுக்கடுத்து கொஞ்சம் பாகு ஏறின ஒரு வளையம், நட்ட நடுவுல வெள்ளையா ஒரு கட்டி, ஸ்பூன் அங்க போய் டக்குனு நின்னுச்சு. பாக்க என்னமோ கடை ஜாமூன் கணக்கா பளபளன்னுதான் இருந்துச்சு.

ரெண்டாவது பாக்கெட்டுக்கு எண்ணெய் காஞ்சதும் அடுப்ப சிம்ல வச்சு ரெண்டு நிமிஷம் விட்டுட்டு துளி மாவ போட்டுப் பாத்தேன். அது அடில போய் உக்காந்து, சின்னச் சின்ன குமிழி விட்டுகிட்டே மெதுவா மேல வரணும், போட்ட உடனே மேல பாஞ்சு வந்து செவந்தா எண்ணெய் ஓவர் சூடு. உருண்டைகள போட்டதும் கரண்டியால அதுங்கள தொடாம எண்ணெய மட்டும் சுத்தி விட்டுகிட்டே இருந்தா அதுங்களே உருண்டு எல்லா பக்கமும் ஒரே மாதிரி செவக்கும். ஒரு ஈடுக்கு ஆறேழு நிமிஷம் ஆகுது, பொறுமை வேணும், ஃபோன் பாத்துகிட்டே செய்யுற வேலை இல்ல இது. இந்த ஈட்ல ஒண்ண வெட்டினப்ப நடுவுல வரைக்கும் ஒரே பழுப்பு, அழுத்தினா ஓட்டை ஓட்டையா இருந்த இடத்துலேருந்து பாகு கசிஞ்சுது.

பாகு விஷயத்துலயும் அட்டை சரியா கை காட்டல. "கம்பிப் பதம் வரும் வரை" கொதிக்க விட சொல்றாங்க. பாதுஷாவுக்கு கம்பிப் பதம் சரி, அது மேல பூச்சா நிக்கணும். ஜாமூனுக்கு பாகு உள்ள போகணுமே! பாகு கெட்டியா இருந்தா உள்ள எறங்காது, உருண்டை சுருங்கி தோல் கசங்கிப் போகும், மறுநாள் கிண்ணத்து ஓரமெல்லாம் சக்கரை பூத்துக்கும். நான் 600 கிராம் சக்கரைக்கு 600 மில்லி தண்ணி, கரைஞ்சு கொதி வந்தப்புறம் ஒரு ஏழெட்டு நிமிஷம், ரெண்டு விரலுக்கு நடுவுல தொட்டுப் பாத்தா பிசுபிசுன்னு இருக்கணும், கம்பி வரக்கூடாது. எறக்கும்போது நாலு சொட்டு எலுமிச்சம்பழம் புழிஞ்சு விட்டா அந்தப் புளிப்புல கொஞ்சம் சக்கரை உடைஞ்சு குளுக்கோஸ், ஃபிரக்டோஸா மாறிடும், அதனால மறுபடி கட்டி தட்டாது. ஏலக்காய் தட்டிப் போடுங்க, ரோஸ் எசன்ஸ் ஒரு சொட்டுக்கு மேல போனா சோப்பு சாப்புடுற ஃபீல்தான்.

ஜாமூன் சூடா இருக்கணும், பாகு வெதுவெதுப்பா இருக்கணும். கொதிக்கிற பாகுல போட்டா உடைஞ்சிடும், ஆறின பாகுல போட்டா முழுசா குடிக்காது. ரெண்டு மணி நேரமாவது ஊறணும். அட்டையில "அரை மணி நேரம் கழித்து பரிமாறவும்"னு போட்டத நம்பி வந்தவங்களுக்கு கொடுத்தீங்கன்னா, நல்லாருக்குன்னு சொல்லிட்டு தட்டுல பாதிய வச்சுட்டுப் போவாங்க.

சரி, மிக்ஸ் வாங்கலாமா? வாங்கலாம், அஞ்சுக்கு மூணரை. ஆனா இது கோவா ஜாமூன் ஆகாது, அந்த மணல் மணலான பால் ருசி மிக்ஸ்ல வராது. அதுக்கு ஃபுல் கிரீம் பால் ஒரு லிட்டர வச்சு அடி பிடிக்காம கிண்டி 200 கிராம் பக்கத்துல சக்கரை போடாத கோவா எடுக்கணும், கை கடுத்துடும். எங்க அத்தை இன்னும் அப்படித்தான் செய்வாங்க, மிக்ஸ் பாக்கெட்ட பாத்தாலே "இதென்ன மைதா உருண்டை"ன்னு மூஞ்ச சுழிப்பாங்க, ஆனா ரெண்டாவது பாக்கெட் ஜாமூன அவங்களே நாலு எடுத்துகிட்டாங்க, கேட்டா சின்ன சைஸுதானேங்குறாங்க.

ஆஃபர்ல வாங்குறவங்க ஃப்ரீ பாக்கெட்டோட தேதிய தனியா பாருங்க, ரெண்டையும் டேப் போட்டு ஒட்டியிருந்தா தேதி உள்பக்கம் மாட்டிக்கும், கூச்சப்படாம பிரிச்சே பாருங்க. பழைய மிக்ஸ்ல கொழுப்பு சிக்கடிச்சிடும், அப்புறம் எவ்ளோ ஏலக்காய் போட்டாலும் மறையாது.

பாகு கண்டிப்பா மிஞ்சும், எனக்கு ரெண்டு டம்ளர் மிஞ்சிச்சு. கீழ கொட்டாதீங்க, ரவா கேசரிக்கு சக்கரைக்குப் பதிலா அதையே ஊத்துங்க, கேசரிக்கு விடுற தண்ணிய மட்டும் அதுக்கேத்த மாதிரி குறைச்சுக்கணும்.