பட்சர் பழங்காலப் பண்ணை: குழித் தடங்களிலிருந்து எழுந்த வீடுகள்

அகழாய்வில் கிடைப்பவை பெரும்பாலும் மரத்தூண்கள் நடப்பட்ட குழிகளும் மண்ணின் நிறமாற்றங்களுமே என்பதால், அவற்றின் மேல் நின்ற வீட்டைக் கற்பனை செய்வது பார்வையாளருக்கு எளிதன்று. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், சால்ட்டன் அருகே உள்ள இப்பண்ணை அந்தக் குறையைத் தீர்க்கிறது. 1972இல் தொல்லியலாளர் பீட்டர் ரெனால்ட்ஸ் தலைமையில் தொடங்கிய இந்த ஆய்வுக்களத்தில், தொல்லியலாளர் கெர்ஹார்டு பெர்சு 1938–39இல் வில்ட்ஷயரின் லிட்டில் உட்பரியில் வெளிக்கொணர்ந்த இரும்புக்கால வட்டவீடு முழு அளவில் எழுப்பப்பட்டுள்ளது.

என்னை அதிகம் ஈர்த்தவை தானியத்தைச் சேமிக்கும் குழிகள்தாம். வாய் மூடப்பட்ட குழியின் ஓரத்துத் தானியம் முளைவிட்டு ஆக்சிஜனைத் தீர்த்துக் கரியமில வாயுவை நிரப்புவதால், உள்ளே இருப்பது குளிர்காலம் முழுவதும் கெடாமல் உறங்குகிறது என்பதை ரெனால்ட்ஸ் இத்தகைய குழிகளைத் தோண்டி, நிரப்பி, திறந்து பார்த்தே நிறுவினார். ஏட்டில் படித்தபோது இதை நான் முழுமையாக நம்பியதில்லை.

ஹாம்ப்ஷயரின் ஸ்பார்ஷோல்ட் என்ற ஊரில் நடந்த அகழாய்வை அடிப்படையாகக் கொண்டு 2003இல் கட்டப்பட்ட ரோமானியப் பண்ணைவீடும், தரைக்கடியில் வெப்பக்காற்றைச் செலுத்தும் அமைப்புடன் இங்குள்ளது. நேர்த்தியானதுதான், எனினும் புகை மணக்கும் வட்டவீட்டிலேயே நெடுநேரம் அமர்ந்திருந்தேன். கண்ணாடிப் பெட்டிகளில் அரும்பொருள்களைத் தேடுவோருக்கு இவ்விடம் ஏற்றதன்று. குழந்தைகளுடன் செல்வோர் அரைநாளேனும் ஒதுக்க வேண்டும்.