குக் தீவு டிரஸ்ட்டா, நெவாடா டிரஸ்ட்டா?

கடன் கொடுத்தவர் கைக்கு எட்டாமல் சேமிப்பை வைக்க நினைக்கும் அமெரிக்கர்களுக்கு இவை இரண்டு வழிகள். டிரஸ்ட் என்றால் சொத்தை வேறொருவர் பொறுப்பில் ஒப்படைக்கும் ஏற்பாடு; ஒன்று தென் பசிபிக்கில் உள்ள குக் தீவுகளில், மற்றது அமெரிக்க மாநிலமான நெவாடாவில்.

நெவாடாவில் செலவு குறைவு. ஆனால் திவால் வழக்கு என்று வந்தால், ஏமாற்றும் நோக்கில் மாற்றிய சொத்தை 10 ஆண்டு பின்னோக்கித் தோண்ட அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது.

குக் தீவுகள் வெளிநாட்டுத் தீர்ப்பை ஏற்காது. கடன் கொடுத்தவர் அங்கேயே போய் வழக்குப் போட்டு, ஏமாற்றும் எண்ணத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். கோட்டை என்னவோ பலமானதுதான்.

சரி, பணம் தீவில். ஆள் அமெரிக்காவில்தானே இருக்கிறார்? அதனால்தான் எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. ‘பணத்தைத் திருப்பிக் கொண்டுவா’ என்று நீதிமன்றம் உத்தரவிட்டபோது, ‘அது எங்கள் கையில் இல்லை’ என்று சொன்ன, குக் தீவு டிரஸ்ட்டில் பணம் வைத்திருந்த ஒரு தம்பதி 1998-இல் சிறைக்கே போனார்கள். 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் சொன்னதை ஏற்கவில்லை.