ஏ.ஆர். 37 ரைகிராஸ் விதை: புல்லை அல்ல, பூஞ்சையைப் பார்த்து வாங்க வேண்டியது

நியூசிலாந்தில் விற்கப்படும் பல்லாண்டு ரைகிராஸ் என்ற மேய்ச்சல் புல்லின் விதைப் பைகளில் புல் இரகத்தின் பெயரோடு அச்சிடப்படும் ‘ஏ.ஆர். 37’ என்ற குறியீடு, அந்தப் புல்லுக்குள் குடியிருக்கும் எபிக்ளோயி பூஞ்சையின் ஒரு வகையைக் குறிக்கிறது. 2007 முதல் சந்தையில் உள்ள இந்த விதையின் நிறைகுறைகள் பெரும்பாலும் அந்தப் பூஞ்சையின் நிறைகுறைகளே.

பழைய மேய்ச்சல் நிலங்களில் தானாகப் பரவியிருந்த பூஞ்சை, பெராமின் என்ற ஆல்கலாய்டை (பூச்சிகளை விரட்டும் வேதிப்பொருள்) சுரந்து, புல்லை அழிக்கும் அர்ஜென்டினத் தண்டுக் கூன்வண்டை விரட்டியது. ஆனால் அதுவே சுரந்த லோலிட்ரெம் பி ஆடுமாடுகளை நடுங்கித் தள்ளாட வைத்தது, எர்கோவாலின் அவற்றை வெயில் தாங்காமல் தவிக்க வைத்தது. தள்ளாட்டத்திற்குக் காரணம் பூஞ்சைதான் என்பது 1981-ல் தெரிந்தபின், பூஞ்சையில்லாத புல்லை விதைத்தவர்கள் புல்லையே கூன்வண்டுக்குப் பறிகொடுத்தார்கள். 2001-ல் வந்த ஏ.ஆர். 1 வகை பெராமினை மட்டும் சுரந்ததால் கால்நடைகளுக்குத் தொல்லையில்லை. ஆனால் கருவண்டையும் வேர் அசுவினியையும் தடுக்க அதனால் இயலவில்லை.

ஏ.ஆர். 37 பெராமின், லோலிட்ரெம் பி, எர்கோவாலின் ஆகிய மூன்றையும் சுரப்பதில்லை. எபாக்சிஜாந்திட்ரெம் என்ற வேறொரு சேர்மத் தொகுதியைச் சுரக்கிறது. வளர்ந்த கூன்வண்டு இலையைக் கடிப்பதை இது அவ்வளவாகத் தடுப்பதில்லை என்றாலும், தண்டைத் துளைத்துப் பயிரைச் சாய்க்கும் புழுவை அடக்கிவிடுகிறது. கருவண்டு, வேர் அசுவினி, மாவுப்பூச்சி, புல்லைத் தின்னும் போரினா புழு ஆகியவற்றுக்கும் ஈடுகொடுப்பதால், பூச்சித் தொல்லை மிகுந்த வட தீவின் பால்பண்ணைகளுக்கு இதையே முதலில் பரிந்துரைப்பேன்.

செம்மறிப் பண்ணையாளருக்கு அதே உறுதியோடு சொல்ல மாட்டேன். எபாக்சிஜாந்திட்ரெமும் நரம்பைத் தாக்கும் நச்சே. பழைய வகையைவிடக் குறைவாக என்றாலும், கோடையின் இறுதியில் குட்டிகளுக்குக் கடுமையான தள்ளாட்டம் வரக்கூடும். நச்சு புல்லின் அடியுறையில் (தண்டைச் சுற்றியுள்ள இலையின் அடிப்பகுதியில்) மிகுந்திருப்பதால், அந்தப் பருவத்தில் ஒட்ட மேயவிடுவது வினையை விலைக்கு வாங்குவதாகும். குதிரைகளுக்கும் மான்களுக்கும் இது அறவே ஆகாது.

சேமிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. வெப்பமும் ஈரமும் உள்ள கிடங்கில் விதை சாவதற்கு முன்பே பூஞ்சை செத்துவிடும். அத்தகைய விதை நன்றாகவே முளைக்கும், ஆனால் காவலின்றி முளைக்கும். ஆகவே முளைப்புத்திறனை மட்டும் பார்த்து வாங்காமல், எத்தனை விழுக்காடு விதைகளில் பூஞ்சை உயிரோடு உள்ளது என்பதையும் விற்பவரிடம் கேட்க வேண்டும். பழைய புல்லை முற்றிலும் அழிக்காமல் மேலாக விதைத்தால் இந்தச் செலவெல்லாம் வீண். பழைய நச்சுப் புல்லும் புதுப் புல்லும் கலந்து வளரும், இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.