நாலு ஆடிக் காற்று கண்ட கேரவன்: பவர் ஸ்டியரிங் எதற்கு உதவும், எதற்கு உதவாது

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வழியாக ராமநாதபுரம் போகிற ரோட்டில், ஆடி மாதம் பகல் பதினொரு மணிக்கு மேல் உயரமான வண்டியை ஓட்டிப் பார்த்தால் ஸ்டியரிங்கின் லட்சணம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இங்கே சொல்லப்போவது நாலு ஆடி கண்ட ஒரு வண்டி. மினி பஸ் சேஸிஸ் மேல் கட்டிய கேரவன். நீளம் 7 மீட்டர், வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே உள்ள தூரம்) 4 மீட்டர், தரையிலிருந்து கூரை வரை 2.9 மீட்டர். பின்னால் படுக்கை, சின்னச் சமையல் மேடை, 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கூரையில் ஏசி. ஓட்டம் 80,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பெரும்பாலும் கோவில் சுற்று, கல்யாணம், ராமேஸ்வரம். பெல்ட்டில் ஓடும் பம்ப் உள்ள ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங். எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே தேவையில்லை. இந்த அளவில் இலைப்பட்டையும் (அடுக்குத் தகடு ஸ்பிரிங்) முன் ஆக்சில் பீமும் (இரண்டு முன் சக்கரத்தையும் தாங்கும் ஒற்றை இரும்புத் தண்டு) உள்ள எல்லா வண்டிக்கும் கதை ஒன்றுதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கானாடுகாத்தான் தெருமுனையில் வண்டியைத் திருப்பவும், பிள்ளையார்பட்டி பார்க்கிங்கில் நுழைக்கவும் பவர் ஸ்டியரிங் வரப்பிரசாதம். காற்றில் நேராகப் போக அது தரும் உதவி மிகக் குறைவு. ஸ்டியரிங் பாக்ஸுக்குள் டார்ஷன் பார் என்று ஒரு முறுகக்கூடிய கம்பி இருக்கிறது. கை கொடுக்கிற முறுக்கில் அது லேசாக முறுகி வால்வைத் திறக்கும், அந்த அளவுக்குத்தான் ஆயில் அழுத்தம் ஏறும். ஆக, கை கேட்டதை பம்ப் கொடுக்கும், அவ்வளவே. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று அதற்குத் தெரியாது. போதாக்குறைக்கு, டயர் ரோட்டில் என்ன செய்கிறது என்ற செய்தி கைக்கு வருவதையும் அது மழுக்கிவிடும். வேண்டியதைவிடக் கூடத் திருப்பி, பிறகு அதைத் திருத்த மறுபக்கம் திருப்பி, வண்டி பாம்பு மாதிரி போவது இதனால்தான்.

காற்றின் பலத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம். இந்த வண்டியின் பக்கவாட்டுப் பரப்பு சுமார் 15 சதுர மீட்டர். 40 கி.மீ. வேகக் காற்று நேர் பக்கவாட்டில் அடித்தால் தோராயமாக 110 கிலோ எடைக்குச் சமமான தள்ளு. 60 கி.மீ. காற்று என்றால் 250 கிலோ. காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளு நாலு மடங்கு. ஓடுகிற வண்டியில் இதோடு வண்டியின் வேகமும் சேர்ந்துகொள்ளும். அதே காற்றில் 80-லிருந்து 60-க்கு இறங்கினால் பக்கத் தள்ளு கணிசமாகக் குறையும். காசு செலவில்லாத வைத்தியம் இது ஒன்றுதான். பழைய பாம்பன் ரயில் பாலத்தில், 2022 வரை அதில் ரயில் ஓடிய காலத்தில், காற்று 58 கி.மீ. தாண்டினால் ரயிலையே நிறுத்திவிட்டார்கள். தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு போகிற வண்டிக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், ரப்பரை நம்பிப் போகிற நமக்கு வேறு அளவுகோல் எதற்கு?

தள்ளுகிற திசையையும் கவனிக்க வேண்டும். ஆடி மேல்காற்று, தெற்கே போகும்போது வலப்பக்கம் அடிக்கும். வண்டி இடப்பக்க மண் ஓரத்தை நோக்கிச் சாயும். சமாளிக்க ஸ்டியரிங்கை லேசாக வலப்பக்கம் பிடித்தே ஓட்டிக்கொண்டிருப்போம். எதிரே ஒரு லாரி வருகிறது. வலப்பக்கமாகக் கடக்கும்போது அது காற்றைச் சட்டென்று மறைத்துவிடும். தள்ளு நின்றுபோகும், கை மட்டும் இன்னும் வலப்பக்கமே பிடித்திருக்கும். வண்டி லாரியின் பக்கம் ஒரு முழம் நகரும். லாரி போன மறு கணம் காற்று மறுபடி ஓங்கி அறையும். இதற்குப் பயந்து பிரேக் பிடிக்கக் கூடாது. லாரி நெருங்கும்போதே ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி, இடப்பக்கம் ஓரடி கூடுதலாக விட்டு, பிடியை லேசாகத் தளர்த்திக்கொண்டால் போதும். வடக்கே திரும்பும்போது எல்லாம் தலைகீழ்: காற்று நடுரோட்டுக்குத் தள்ளும், அதனால் திரும்பு பயணத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் மரமே இல்லாத வெட்டவெளி, கண்மாய்க் கரையில் கருவேல மறைப்பு சட்டென்று அறுந்துபோகும் இடம், இரண்டிலும் இதே அடிதான். பனை ஓலையெல்லாம் ஒரே பக்கம் சீவிவிட்ட மாதிரி நின்றால் 55-க்கு மேல் போவதில்லை.

இனி வண்டிக்கு அடியில். “ஸ்டியரிங் மிதக்குது” என்று சொன்னால் பட்டறையில் முதலில் செய்வது, பாக்ஸ் மேலிருக்கும் அட்ஜஸ்ட்மெண்ட் ஸ்க்ரூவை முறுக்குவது. இரண்டாம் ஆடியில் இந்த வண்டிக்கும் அது நடந்தது. ஆட்டம் குறைந்த மாதிரி ஒரு வாரம் இருந்தது. பிறகு பார்த்தால், திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வருவதே நின்றுபோயிருந்தது. காற்றில் இது ஆட்டத்தைவிட மோசம், ஒவ்வொரு திருத்தத்தையும் கையாலேயே திரும்ப எடுக்க வேண்டும். ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளலாம். ஸ்டியரிங் கனமாக இருந்தால் ஆயில், பம்ப், பெல்ட்டைப் பாருங்கள். அலைந்தால் மூட்டுகள், டயர், எடையைப் பாருங்கள். மற்றதெல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் பாக்ஸில் கை வைக்க வேண்டும்.

ஆட்டம் பார்க்கிற முறை இது. வண்டி சமதளத்தில், சக்கரங்கள் நேராக, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் டார்ஷன் பாரின் முறுக்கும் சேர்ந்து, இல்லாத ஆட்டத்தைக் காட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் சின்னச் சின்னதாக ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும்: பிட்மேன் ஆர்ம் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் கை), டிராக் லிங்க்கின் (அந்தக் கையைச் சக்கரப் பக்கம் இணைக்கும் தண்டு) இரு முனை, டை ராட் எண்ட் (இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் தண்டின் முனை) இரண்டு. ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாத மூட்டுதான் குற்றவாளி. கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் விரலுக்குத் தெரியும். ஸ்டியரிங் வளையத்தில் ஒரு விரற்கடை வரை ஆட்டம் இருந்தால் விட்டுவிடலாம், இரண்டு விரற்கடை தாண்டினால் தேடியே ஆக வேண்டும். இந்த வண்டியில் 45,000 கி.மீ. வாக்கில் டிராக் லிங்க்கின் முன்முனை போயிருந்தது. அதை மாற்றியதும் கிடைத்த நிம்மதி வேறு எந்தச் செலவிலும் கிடைக்கவில்லை.

அடுத்தது கிங்பின், அதாவது முன் சக்கரம் திரும்பும் செங்குத்து அச்சு. ஆக்சில் பீமுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் அது வீல் பேரிங், மறையாவிட்டால் கிங்பின் புஷ். கிரீஸ் அடிப்பதும் சக்கரம் தூக்கியிருக்கும்போதுதான். வண்டி தரையில் நிற்கும்போது அடித்தால் எடை தாங்குகிற பக்கத்துக்கு கிரீஸ் போகாது, எதிர்ப்பக்கம் மட்டும் பிதுங்கி வரும். பழைய கறுப்பு கிரீஸ் வெளியே வந்து புதியது தெரியும்வரை அடிக்க வேண்டும், 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தரம். செம்மண் புழுதி ரோடுகளில் இதைத் தள்ளிப்போட்டால் கிங்பின் இறுகும், இறுகினால் ஸ்டியரிங் திரும்பி வராது. அதைப் பார்த்துவிட்டு பம்பைக் குறை சொல்லி, பம்பை மாற்றியவர்களும் உண்டு.

அலைன்மெண்ட்டில் டோ-இன் (முன் சக்கரங்களின் முன்பக்கம் லேசாக உள்நோக்கி இருப்பது) எல்லோரும் பார்ப்பார்கள். அது வெளிநோக்கி டோ-அவுட் ஆகியிருந்தால் வண்டி இரண்டு பக்கமும் தேடிக்கொண்டே போகும். காஸ்டரை யாரும் பார்ப்பதில்லை. கிங்பினின் தலை பின்பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதுதான் காஸ்டர், சக்கரம் தானாக நேராவது பெரும்பாலும் அதனால்தான். கம்பெனி சொன்ன அளவின் கீழ் எல்லையில் இருந்ததை மேல் எல்லைக்குக் கொண்டுவர, இலைப்பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே 1 டிகிரி ஆப்புத் தகடு வைக்கப்பட்டது. பட்டை ஆக்சிலுக்கு மேலே உட்காரும் வண்டியில் தகட்டின் தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும். மாற்றி வைத்தால் காஸ்டர் குறைந்து வண்டி இன்னும் அலையும். இரண்டு பக்கமும் ஒரே அளவுத் தகடு வேண்டும், யூ போல்ட்டை 1,000 கி.மீ. ஓடியதும் மறுபடி முறுக்க வேண்டும். காஸ்டர் கூடினால் ஸ்டியரிங் கனக்கும், அந்தக் கனத்தை பவர் ஸ்டியரிங் வாங்கிக்கொள்கிறது. காற்று விஷயத்தில் பவர் ஸ்டியரிங் செய்கிற உண்மையான உபகாரம் இதுதான்.

எடை. கேரவன் கட்டுகிறவர்கள் கனமானதையெல்லாம் இடமிருக்கிற பின்பக்கத்தில் தள்ளிவிடுவார்கள். இந்த வண்டியில் தண்ணீர்த் தொட்டி பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருந்தது. 200 லிட்டர் என்றால் 200 கிலோ. பின் ஆக்சில் தராசின் முள் மாதிரி நிற்க, பின்னால் இறங்கும் எடை முன்னால் தூக்கும்: 200 × 1.2 ÷ 4, அதாவது முன் சக்கரங்களிலிருந்து 60 கிலோ போய்விடுகிறது. முன் டயர் லேசானால் ஸ்டியரிங் எவ்வளவு திருப்பினாலும் பிடி தாமதமாகத்தான் கிடைக்கும். லோடு ஏற்றி, ஆட்களும் ஏறிய நிலையில் எடை மேடையில் முன் சக்கரம் மட்டும், பிறகு முழு வண்டி என்று இரண்டு சீட்டு வாங்கிப் பாருங்கள். முன் ஆக்சிலில் மொத்த எடையின் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். தொட்டியை இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே நகர்த்தியதற்கு ஒரு நாள் வெல்டிங் வேலை ஆனது. கூரைக் கேரியரில் பாத்திர மூட்டை ஏற்றுவதும் அன்றோடு நின்றது.

டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும். எடை மேடையில் வந்த ஆக்சில் எடைக்கு டயர் கம்பெனி அட்டவணை சொல்லும் அளவே கணக்கு. மதிய வெயிலில் அளந்து கூட இருக்கிறதென்று இறக்கிவிட்டால், மறுநாள் காலை குறைந்திருக்கும்; பக்கச்சுவர் நெளிந்து, ஸ்டியரிங்குக்கும் ரோட்டுக்கும் நடுவில் ரப்பர் மெத்தை போட்ட மாதிரி ஆகிவிடும்.

ஹைட்ராலிக் பக்கம் பெரிய தொல்லை இல்லை. 40,000 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றப்பட்டன. சிவப்பு ஆயில் காபி நிறமானால் வெந்துவிட்டது என்று அர்த்தம். நுரைத்தால் பம்புக்குப் போகும் ஹோஸ் கிளிப்பில் காற்று இழுக்கிறது. ‘ஊய்ங்’ என்ற சத்தமும் அதோடு வரும். ஆயில் மாற்றிய பின், முன்பக்கத்தைத் தூக்கி, எஞ்சின் போடாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்துப் பதினைந்து தரம் மெதுவாகத் திருப்பி, குறையும் ஆயிலை ஊற்றிக்கொண்டே காற்றை வெளியேற்ற வேண்டும். அதன் பிறகே ஸ்டார்ட் செய்யலாம். முழுதாகத் திருப்பிய நிலையில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள், ஆயில் சுடுவது அங்கேதான். பாம்பன் பாலத்தின் மேட்டிலிருந்து இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கமும் வேண்டாம். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். ஸ்டியரிங் அறுந்துவிடாது, ஆனால் கடல்காற்றில், பாலத்தின் மேல், அந்தக் கனத்தை முதல் தடவையாகச் சந்திக்க அது இடமில்லை.

ஸ்டியரிங் டாம்பர் (ஸ்டியரிங் தண்டுகளின் உதறலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பள்ளத்தில் விழும்போது வரும் உதறலுக்கு நல்லது, காற்றுக்கு அது மருந்தல்ல. மெர்சிடிஸ் ஸ்பிரின்டரில் 2013 முதல் பக்கக் காற்றைச் சமாளிக்கும் வசதி வந்தது. அதுவும் ஸ்டியரிங்கால் அல்ல, தேவையான சக்கரத்தில் பிரேக்கைத் தொட்டுத்தான் வேலை செய்கிறது, அதுவும் 80 கி.மீ. வேகத்துக்கு மேல். மோட்டார் வைத்துத் தானே திருத்துகிற ஸ்டியரிங்கை வோல்வோ தன் லாரிகளில் அதே ஆண்டில் கொண்டுவந்தது. நம் மினி பஸ் சேஸிஸில் இப்படி எதுவும் இல்லை.

தனுஷ்கோடி போனால் இரண்டு காரியம். அரிச்சல்முனையில் மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்து நிறுத்துங்கள். பக்கம் காட்டி நிறுத்திக் கதவைத் திறந்தால் கீல் போய்விடும். திரும்பி வந்ததும் அடிப்பக்கம் முழுக்க நல்ல தண்ணீரில் கழுவி, மூட்டுகளுக்கெல்லாம் கிரீஸ் அடித்துவிடுங்கள். டை ராட் எண்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் உப்புக் காற்றில் ஒரே சீசனில் மூட்டு முடிந்துவிடும்.

இன்னும் தீராத ஒரு குறை, பின்பக்க ஆட்டம். பின் ஆக்சிலுக்குப் பின்னால் 2 மீட்டர் உடம்பு தொங்குகிறது, காற்று அறையும்போது வால் தனியாக ஆடுகிறது. ஷாக்கிள் (இலைப்பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் கொக்கி) புஷ்ஷும், வண்டி பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் ஆன்டி ரோல் பாரின் ரப்பரும் மாற்றியதில் பாதி குறைந்தது. மிச்சத்துக்குப் பின் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் ராட் ஒன்று பொருத்த வேண்டும். அதுவரை ராமநாதபுரம் ரோட்டில் பின் படுக்கை காலியாகத்தான் போகும், ஆச்சிகளுக்கு முன் சீட்.