கம்பியைவிடப் பஞ்சுதான் கடினம்: நாமே கட்டும் அட்டமைசருடன் ஐந்து ஆண்டுகள்

லண்டனின் வடமேற்குப் புறநகரில் வசிக்கும் நான், பதினான்கு ஆண்டுகள் சிகரெட் புகைத்துவிட்டு, 2019இல் வேப்புக்கு, அதாவது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்சிகரெட்டுக்கு, மாறினேன். அடுத்த ஆண்டே ஆயத்தக் காயில்களை (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருள்கள்) கைவிட்டு, காயிலையும் பஞ்சுத் திரியையும் நாமே பொருத்திக்கொள்ளும் அட்டமைசருக்கு (திரவம் ஆவியாகும் பகுதி) வந்துவிட்டேன். ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்புகளின் விற்பனை 2025 ஜூன் 1 முதல் இங்கே தடைசெய்யப்பட்டதிலிருந்து, எப்படித் தொடங்குவது என்று நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். புகைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு இதில் எந்த வேலையும் இல்லை. சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு என்பதே இதன் நியாயம். தீங்கே இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

நான் மாறியதற்குக் காரணம் ஆயத்தக் காயில்களின் நிலையின்மை. ஐந்து காயில் கொண்ட பெட்டியில் ஒன்று இரண்டு வாரம் நன்றாக உழைக்கும். மற்றொன்று இரண்டாம் நாளே கருகிய வாடை அடிக்கும். பிரித்துப் பார்க்க வழியில்லாத உலோகக் குப்பிக்குள் என்ன கோளாறு என்று தெரியாமல், பணத்தைக் குப்பையில் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

நாமே கட்டும் அட்டமைசர்களில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஆங்கிலச் சுருக்கப் பெயர்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே ஆர்.டி.ஏ. என்றுதான் வரும் என்பதால், ஒன்றை டிரிப்பர் என்றும் மற்றொன்றை டேங்க் என்றும் அழைக்கிறேன். டிரிப்பரில் சில இழுப்புகளுக்கு ஒருமுறை திரியின்மேல் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும்; டேங்க்கில் திரவம் தேங்கி நிற்க, திரி தானாக உறிஞ்சிக்கொள்ளும். வேலைக்குப் போய்வருபவருக்கு டேங்க்தான் வசதி. நான் வாங்கியது, சிகரெட்டைப் போல வாயில் இழுத்துப் பிறகு உள்ளே வாங்கும் வகைக்கான, ஒற்றைக் காயில் கொண்ட 22 மி.மீ. டேங்க். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி இங்கே விற்கப்படும் டேங்க் 2 மில்லிலிட்டருக்கு மேல் கொள்ளக்கூடாது. நிகோடின் கலந்த திரவப் புட்டி 10 மில்லிலிட்டரையும், நிகோடின் அளவு ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது. 12 வாட்டில் இழுக்கும் எனக்கு 2 மில்லி ஒரு பொழுதுக்குத் தாராளம்.

காயில் சுற்றுவதைக் கண்டுதான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். உண்மையில் அது அரை மணி நேரத்தில் கைவந்துவிடும். 28 கேஜ் தடிமனுள்ள காந்தல் (இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவை) கம்பியை 2.5 மி.மீ. தண்டின்மேல் ஆறு சுற்று சுற்றினால் ஏறத்தாழ 1.1 ஓம் வரும். கால்களைத் திருகாணிகளில் இறுக்கி, மிஞ்சிய கம்பியை ஒட்ட வெட்ட வேண்டும். துருத்திக்கொண்டிருக்கும் முனை மூடியைத் தொட்டால் ஷார்ட் ஆகும். பிறகு குறைந்த வாட்டில் விட்டுவிட்டு அழுத்தி, பீங்கான் முனை கொண்ட இடுக்கியால் சுற்றுகளை மெல்ல வருடிக் கொடுத்தால், ஓரங்களில் தனித்துக் கனலும் புள்ளிகள் மறைந்து, நடுவிலிருந்து இருபுறமும் ஒரே சீராகச் சிவக்கத் தொடங்கும்.

என் முதல் மூன்று வாரங்களைத் தின்றது பஞ்சு. சிறுவயதில் அம்மாவுடன் உட்கார்ந்து விளக்குத் திரி திரித்த கை என்னுடையது; பஞ்சைக் கையில் எடுத்தாலே விரல்கள் தாமாக முறுக்கத் தொடங்கிவிடும். விளக்குக்கு அது சரி. இங்கே முறுக்கிய திரி திரவத்தை வேண்டிய வேகத்தில் கடத்தாது. முதல் நாள் மூன்றாவது இழுப்பிலேயே தொண்டையைச் சுட்டது கருகிய புகை. அப்படி நேர்ந்தால் அடுத்த இழுப்பு இழுக்கவே கூடாது. காய்ந்த திரியில் மிகையாகச் சூடேறும் திரவத்திலிருந்து ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் உண்டாகின்றன. அதற்குப் பயந்து பஞ்சைக் குறைத்தேன். அடுத்த நாள் ரயிலில் கோட்டுப் பையைத் தொட்டபோது விரல்கள் பிசுபிசுத்தன. டேங்க் முழுவதும் அடிக்காற்றுத் துளை வழியே ஒழுகியிருந்தது.

சரியான அளவைக் கண் சொல்வதில்லை, விரல்தான் சொல்கிறது. முறுக்காத பஞ்சைக் காயிலுக்குள் இழுக்கும்போது லேசான பிடிமானம் தெரிய வேண்டும்; ஆனால் காயில் வளைந்து கூடவே வரக்கூடாது. இருபுறமும் டெக்கின் (காயில் அமரும் அடித்தட்டு) விளிம்பளவுக்கு வெட்டி, வால்களை ஊசியால் சீவி, நுனியில் கொஞ்சம் பஞ்சை உதிர்த்துவிட வேண்டும். அந்த வால்கள் திரவம் வரும் வாய்களை மூடியபடி அமர வேண்டுமே தவிர, உள்ளே திணிக்கப்படக் கூடாது. இரண்டு சொட்டுத் திரவம் விட்டவுடன் பஞ்சு அடங்கிப் படிவதைப் பார்த்தாலே, இது ஒழுகுமா காயுமா என்று இப்போது சொல்லிவிடுவேன். திரவம் நிரப்பும்போது காற்றுத் துளையை மூடிக்கொள்வதும் அதே அளவு முக்கியம்.

பராமரிப்பு எளிது. வாரம் ஒருமுறை பழைய பஞ்சை எடுத்துவிட்டு, காயிலைக் குறைந்த வாட்டில் சுட்டு, ஆறவிட்டுத் தண்ணீரில் அலசிப் புதுப் பஞ்சு போடுகிறேன். ஒரே காயில் இரண்டு மாதம் வருகிறது. இனிப்பூட்டி அதிகமுள்ள திரவம் என்றால் நான்கே நாளில் கரி படிந்துவிடும். அதனால் அவற்றை நிறுத்திவிட்டேன். இப்படிச் சுடுவதைக் காந்தலில் செய்யலாம், டைட்டேனியம் கம்பியில் செய்யவே கூடாது.

பாட்டரி விஷயத்தில் நான் எந்தச் சமரசத்துக்கும் உடன்படமாட்டேன். மின்தடையை அளந்து, ஷார்ட் ஆனால் தானே நின்றுவிடும் மோட் (பாட்டரி வைத்து மின்சாரம் தரும் கருவி) மட்டுமே புதியவருக்கு ஏற்றது. பாதுகாப்புச் சுற்று இல்லாத மெக்கானிக்கல் மோடை ஐந்து ஆண்டுக்குப் பின்னும் நான் தொடவில்லை. 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் பாட்டரியின் மேலுறை சிறிது கிழிந்தாலும் பயன்படுத்துவதில்லை. உதிரிப் பாட்டரியைச் சாவிக்கொத்துடன் பையில் போடுவதும் இல்லை, தனிப் பெட்டியில்தான் வைக்கிறேன்.

ஊருக்குப் போகும்போது எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுச் செல்கிறேன். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றின் இறக்குமதி, விற்பனை, சேமிப்பு அனைத்தையும் தடைசெய்திருக்கிறது. அந்த வாரங்களை நிகோடின் கம் கொண்டு கடத்துகிறேன்.

ஒரு மில்லிக்கு 18 மில்லிகிராம் நிகோடினில் தொடங்கிய நான் இப்போது 6இல் இருக்கிறேன். சுவையும் காற்றும் என் கையில் இருப்பதால்தான் இவ்வளவு இறங்க முடிந்தது என்று நம்புகிறேன். அடுத்த புட்டி 3 மில்லிகிராம். அதற்காகச் சற்றுத் தடித்த கம்பியில் ஒரு காயிலை நேற்று இரவு சுற்றி வைத்திருக்கிறேன், இன்னும் பஞ்சு போடவில்லை.