அல்சூரில் வீட்டுச் செவிலியர் சேவை: 20 நாள் அனுபவம்

இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய என் தாயாரைக் கவனித்துக்கொள்ள, அல்சூரிலுள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு நிறுவனத்தின் மூலம் 20 நாள்களுக்குச் செவிலியர் ஒருவரை அமர்த்தியிருந்தோம். வந்தவரின் பணிக்கு ஐந்து நட்சத்திரமும் தருவேன். அனுப்பிய நிறுவனத்துக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை.

பெங்களூரில் ‘ஹோம் நர்ஸ்’ என்று கேட்டால் பயிற்சியே இல்லாத உதவியாளரை அனுப்பிவிடுவதும் உண்டு என்பதால், நர்சிங் கவுன்சில் பதிவெண்ணைச் சரிபார்த்த பிறகே சம்மதித்தோம். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த அந்தப் பெண் ஜிஎன்எம் என்ற செவிலியர் பட்டயப் படிப்பை முடித்தவர். முதல் நாளே அம்மாவின் பாதத்தைத் தூக்கிப் பார்த்து, குதிகாலில் லேசாகச் சிவந்திருந்த இடத்தை எங்களுக்குக் காட்டினார். கெண்டைக்காலுக்கு அடியில் துண்டை மடித்து வைத்து, குதிகால் மெத்தையில் படாதபடி செய்தார். படுக்கைப் புண்ணின் தொடக்கம் அது. நாங்கள் யாருமே கவனித்திருக்கவில்லை.

“இவ்வளவு கைப்பக்குவம் இருக்கிறதே, பெரிய ஆஸ்பத்திரியில் ஏன் வேலை பார்க்கவில்லையம்மா?” என்று அம்மா கேட்டபோதுதான் பழைய கதை வெளிவந்தது. கொரோனா காலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் கோவிட் வார்டில், ஒப்பந்த அடிப்படையில் இருந்திருக்கிறார். பாதுகாப்பு உடையைப் போட்டுவிட்டால் ஆறு மணி நேரம் கழிப்பறைக்குப் போக முடியாது என்பதால், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு சிறுநீர்த் தொற்றுக்கு ஆளானார். 2021 மே மாதம், கோவிட் பணியில் 100 நாள்களை நிறைவு செய்தவர்களுக்கு நிரந்தர அரசுப் பணி நியமனங்களில் முன்னுரிமை என்று மத்திய அரசு அறிவித்ததை நம்பி, மருத்துவமனை தந்த சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். அலை ஓய்ந்து வார்டை மூடியதும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. விண்ணப்பித்த அரசு வேலை எதுவும் கிடைக்கவில்லை. வெளிநாடு போகலாம் என்றால் அண்மைக்கால மருத்துவமனை அனுபவம் கேட்கிறார்களாம்; வீட்டுப் பணி அந்தக் கணக்கில் வராது.

நிறுவனத்தின் மீதான என் மனக்குறைக்கு வருகிறேன். நாங்கள் கட்டிய பணத்தில் பாதிகூட அவர் கைக்குப் போகவில்லை. உச்ச நீதிமன்ற உத்தரவையொட்டி அமைந்த நிபுணர் குழு, 50 படுக்கைகளுக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியரின் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016-லேயே பரிந்துரைத்தது. மாதம் முழுக்க ஓய்வின்றி உழைத்தாலும் இவருக்கு அந்தத் தொகை வருவதில்லை. கையுறையும் முகக்கவசமும் அவர் சொந்தச் செலவு. இடையில் ஒருநாள் காய்ச்சல் கண்டதும், வயதானவர் அருகில் வரக் கூடாதென்று அவராகவே விடுப்புச் சொன்னார். அதற்கு இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். நோயாளியின் பாதுகாப்பை நினைத்தவருக்குத் தண்டனை கொடுக்கும் இடத்தை, என் உறவினர் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். செவிலியரை அமர்த்துவோர், அவருக்குச் சேரும் தொகை எவ்வளவு, காய்ச்சல் விடுப்புக்குச் சம்பளம் உண்டா என்பவற்றைத் தொடக்கத்திலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி நாளில் அவருக்குப் பணிச் சான்று கேட்டோம். கொடுக்கும் வழக்கமில்லை என்று நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். பதிவெண், பணியாற்றிய தேதிகள், குதிகால் புண்ணை முதல் நாளே கண்டறிந்தது எல்லாவற்றையும் எழுதி நாங்களே ஒரு கடிதம் கொடுத்தோம். அம்மா அதில் கையெழுத்திட்டார்.